ஒரே ஒரு சிவப்பு: வீட்டு சிஎன்சி மில்லிங் மெஷினுக்கு இரண்டு முறை பேனல் செய்த கதை

வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் என் வைஸின் அசையாத தாடையில், மேல் விளிம்பில், பிறை மாதிரி ஒரு வெட்டு இருக்கிறது. நகத்தை வைத்தால் பதிந்து உட்காரும். ஒரு 10 மி.மீ. கார்பைட் எண்ட் மில், அதாவது வெட்டும் டூல், அங்கேதான் உடைந்தது. தெறித்த துண்டு அன்று கிடைக்கவில்லை. மறுநாள் ஷெட்டைப் பெருக்கும்போது கதவோரம் கிடைத்தது. நான் நின்ற இடத்துக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் கதவு.

மொத்தம் மூன்று நொடி நடந்த விஷயம். அந்த மூன்று நொடிக்குக் காரணம் தேடப்போய், நான் ரசித்து ரசித்துச் செய்த கட்டுப்பாட்டுப் பேனலையே கழற்றி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்ய வேண்டியதாயிற்று. வீட்டில் மில்லிங் மெஷினை சிஎன்சியாக, அதாவது கணினி ஓட்டும்படி, மாற்றுகிறவர்களுக்கு உதவும் என்பதால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

மெஷின்

கோவையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். உள்ளே ஒரு பழைய டரட் மில்லிங் மெஷின், மூடிய பட்டறை ஒன்றிலிருந்து வாங்கியது. டேபிளை நகர்த்தும் எக்ஸ், ஒய் அச்சுகள் இரண்டிலும் பழைய ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூ போட்டேன். மேலும் கீழுமான இசட்டுக்கு, டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலைத் தாங்கி ஏறி இறங்கும் க்வில்லோடு ஒரு பால் ஸ்க்ரூ, 120 மி.மீ. ஓட்டம். மூன்றுக்கும் குளோஸ்டு லூப் ஸ்டெப்பர் மோட்டார், இடம் தவறினால் பிழை காட்டி நிற்கும் வகை. ஸ்பிண்டில் மோட்டார் 2 எச்பி, 415 வோல்ட் ஸ்டார் இணைப்பு. வீட்டில் இருப்பதோ சிங்கிள் பேஸ். மோட்டாரின் ஆறு முனைகளையும் வெளியே எடுத்து டெல்டாவாகக் கட்டினால் 230 வோல்ட் விஎஃப்டியில் (சிங்கிள் பேஸை மூன்று பேஸாக்கி மோட்டார் வேகத்தையும் மாற்றும் பெட்டி) ஓடும். அப்படித்தான் ஓடுகிறது.

மென்பொருள் லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டில் 1990களில் தொடங்கிய இஎம்சி திட்டத்தின் வழி வந்தது, இலவசம். பழைய கணினி ஒன்றில் இரண்டு பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் இணைப்பு). முதல் போர்ட் மோட்டார்களுக்கும் லிமிட் சுவிட்சுகளுக்கும். இரண்டாவதை ‘உள்ளீடு’ முறையில் அமைத்தால் 13 உள்ளீடுகள் கிடைக்கும். எல்லா கார்டும் இதற்கு ஒத்துவராது, வாங்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. இந்த 13 என்ற எண் பின்னால் வருகிறது.

முதல் பேனல்

அதை லேப்டாப்பில் வரைந்தேன், நாற்காலியில் உட்கார்ந்து. பிழை அங்கேயே தொடங்கியது என்று இப்போது தெரிகிறது. திரையில் பொத்தான்களை வரிசையாக அடுக்க அடுக்க ஆசை ஏறிக்கொண்டே போகும். 26 பொத்தான்கள். ஒவ்வோர் அச்சுக்கும் முன்னும் பின்னும் ஓட்ட இரண்டு, ஹோம் (தொடக்க நிலை) போக ஒன்று, ஸ்பிண்டிலுக்கு இரண்டு, கூலண்டுக்கு இரண்டு, ஜீரோ வைக்க மூன்று, இப்படி. கறுப்பு அக்ரிலிக்கில் லேசர் கட்டிங். பார்த்தவர்கள் எல்லாரும் ‘கம்பெனி பீஸ் மாதிரி இருக்கே’ என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

26 பொத்தான்களுக்கு உள்ளீடு எங்கே? பழைய யுஎஸ்பி கீபோர்டைப் பிரித்து அதன் சர்க்யூட்டை எடுத்துப் பொத்தான்களை அதில் கோத்தேன். பலர் செய்கிற மலிவான வழி. இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. கீபோர்டு விசை எப்போதும் திரையில் முன்னால் நிற்கும் ஜன்னலுக்குத்தான் போகும். வரைபடம் பார்க்க வேறொரு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் ‘நிறுத்து’ என்ற கட்டளை அந்த வரைபடத்துக்குப் போய்ச் சேரும், மெஷினுக்குப் போகாது. அடுத்தது, மலிவான கீபோர்டின் கட்டத்தில் டயோடு கிடையாது. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அழுத்தாத நான்காவது விசையும் அழுத்தியதாகத் தெரியலாம். இவை இரண்டும் எனக்கு நடந்தன. டேபிள் தானாக இரண்டு மி.மீ. நகர்ந்தபோது கூட ‘கீபோர்டு கோளாறு’ என்று சொல்லிச் சமாதானம் செய்துகொண்டேன்.

அச்சைக் கையால் நகர்த்தச் சுற்றும் கைச்சக்கரம் மட்டும் நேராக பேரலல் போர்ட்டுக்குப் போனது. எம்பிஜி என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு சுற்றுக்கு 100 கிளிக். ஒரு கிளிக்குக்கு 0.001, 0.01, 0.1 மி.மீ. என்று மூன்று படிகள்.

அந்த மூன்று நொடி

வைஸில் ஒரு அலுமினியக் கட்டை. ஸ்பிண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, மேல் முகத்தைத் தொட்டு ஜீரோ எடுக்க வேண்டும். டூல் முனை வைஸ் தாடைக்கு 40 மி.மீ. மேலே, தாடையின் நேர் மேலே. அங்கிருந்து 15 மி.மீ. இறக்கிவிட்டு, அப்புறம் பக்கவாட்டில் நகர்த்திக் கட்டைக்குப் போகலாம் என்று எண்ணம். 0.1 படியில் ஒன்றரைச் சுற்று. விறுக்கென்று சுற்றினேன், ஒரு நொடிகூட ஆகியிருக்காது. கையை எடுத்தேன். க்வில் நிற்கவில்லை.

பேனலைப் பார்த்தேன். சிவப்பாக இருந்ததை அடித்தேன். ஸ்பிண்டில் சத்தம் இறங்கியது. க்வில் இறங்கிக்கொண்டே இருந்தது. நான் அடித்தது ஸ்பிண்டில் நிறுத்தும் பொத்தான். சுழற்சி குறைந்துவிட்ட டூல் தாடை விளிம்பில் போய் உட்கார்ந்து, ‘டக்’ என்று ஒரு சின்ன சத்தம். அவ்வளவுதான். ஸ்டெப்பர் டிரைவ் பிழை காட்டி நின்றது.

அன்றிரவு காரணத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.

முதலாவது, கணக்கு. கைச்சக்கரத்தின் ஒரு கிளிக் என்பது மின்துடிப்பில் ஒரு முழுச் சுற்று, அதில் நான்கு விளிம்புகள் உண்டு. லினக்ஸ்சிஎன்சியின் என்கோடர் பகுதி தானாக விட்டால் நான்கையும் எண்ணும். ஒன்றாக எண்ணு என்று சொல்லும் வரி எந்த ஒயர் எதற்கு என்று மென்பொருளுக்குச் சொல்லும் என் பழைய ஹால் கோப்பில் இருந்தது. முந்தைய வாரம் கோப்பைச் சுத்தம் செய்து திரும்ப எழுதியபோது அந்த வரி விடுபட்டுப் போனது. ஆக 15 மி.மீ. கேட்டால் 60 மி.மீ. கட்டளை போகும். எழுதி முடித்ததும் சோதித்தேன்தான். 0.001 படியில் சோதித்தேன். திரையில் எண் நகர்ந்தது, சரி என்று விட்டுவிட்டேன். ஒரு கிளிக்குக்கு 0.004 என்று அது காட்டியதை வாசிக்கவில்லை.

இரண்டாவது, கை நின்றும் மெஷின் ஏன் நிற்கவில்லை? இசட்டின் அதிகபட்ச வேகம் நிமிடத்துக்கு 1200 மி.மீ., அதாவது நொடிக்கு 20. 60 மி.மீ. இறங்க மூன்று நொடி வேண்டும். நான் சுற்றியது ஒரு நொடி. கைச்சக்கரத்துக்கு இரண்டு முறைகள் உண்டு. நிலை முறையில், எத்தனை கிளிக் வந்ததோ அத்தனைக்கும் உரிய தூரத்தை, எவ்வளவு நேரமானாலும், ஓடித் தீர்க்கும். வேக முறையில், சக்கரம் நின்றால் அச்சும் நிற்கும், மிச்ச தூரம் கைவிடப்படும். தானாக வருவது நிலை முறை. கணக்கு சரியாக இருந்திருந்தாலும் வேகமாகச் சுற்றினால் இந்த ‘மிச்ச ஓட்டம்’ கொஞ்சம் இருந்தே தீரும்.

மூன்றாவதுதான் என்னை உறுத்தியது. கணக்குப் பிழை யாருக்கும் வரும். 40 மி.மீ. இறங்க இரண்டு நொடி, அதில் கடைசி ஒரு நொடி என் கை சும்மாதான் இருந்தது. பேனல் ஒழுங்காக இருந்திருந்தால் அந்த ஒரு நொடி போதும். என் பேனலில் நான்கு சிவப்புகள்: ஸ்பிண்டில் நிறுத்து, கூலண்ட் நிறுத்து, புரோகிராம் நிறுத்து, இவற்றுக்கு மேலே வலது மூலையில் எமர்ஜென்சி. ‘நிறுத்துவது சிவப்பு’ என்று சின்ன வயதிலிருந்து படிந்த பழக்கம். மெஷின்களின் மின்சார அமைப்புக்கான ஐஇசி 60204-1 தரத்தை அப்புறம்தான் எடுத்துப் படித்தேன். நிறுத்தும் பொத்தானுக்குக் கறுப்பே முதல் தேர்வு, சாம்பலும் வெள்ளையும் ஆகலாம். சிவப்புக்கு அனுமதி உண்டு, ஆனால் எமர்ஜென்சி பொத்தானுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்கிறது. யாரோ எப்போதோ என்னைப் போலவே தவறான சிவப்பை அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டைப் பெட்டி

இரண்டாவது பேனலை லேப்டாப்பில் தொடங்கவில்லை. ஃபேன் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி, மெஷினுக்கு வலப்பக்கம், என் முழங்கை உயரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். அதில் பொத்தான்களுக்குப் பதில் பாட்டில் மூடிகள். வேலை செய்யும்போது கை எந்த மூடிக்குப் போகிறதோ அதன் பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு. இரண்டு வாரம் இப்படி. வீட்டில் சிரித்தார்கள்.

ஹோம் பொத்தான்களுக்குப் பக்கத்தில் கோடுகளே இல்லை. காலையில் ஒரு முறை ஹோம் போகிறோம், அதைத் திரையில் மவுஸால் செய்தால் என்ன குடி முழுகிப் போகும்? ஜீரோ வைப்பதும் அப்படித்தான், அந்த நேரத்தில் கண் திரையில்தான் இருக்கிறது. கோடுகள் குவிந்த இடங்கள் சில மட்டுமே: கைச்சக்கரம், அச்சு தேர்வு, படி தேர்வு, சைக்கிள் ஸ்டார்ட் (புரோகிராமை ஓட்ட), ஃபீட் ஹோல்ட் (நகர்வை நிறுத்திவைக்க), ஃபீட் வேகக் குமிழ், ஸ்பிண்டில். எல்லாமே கண் டூல் மேல் இருக்கும்போது கை தேடுகிற பொருள்கள். பேனலில் எது இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே அளவுகோல் இதுதான்: பார்க்காமல் தொட வேண்டியிருந்தால் பொத்தான், பார்த்துக்கொண்டே செய்யலாமென்றால் திரை.

அப்புறம் 13 உள்ளீடுகளைப் பங்கு போட்டேன். கைச்சக்கரத்துக்கு 2. ஃபீட் வேகக் குமிழுக்கு 2. சைக்கிள் ஸ்டார்ட், ஃபீட் ஹோல்ட், ஸ்பிண்டில் ஓட்டு, ஸ்பிண்டில் நிறுத்து, நான்கு. மிச்சம் 5. படி தேர்வுக்கு மூன்று நிலை, இரண்டு ஒயரில் அடங்கும். அச்சு தேர்வுக்கு ‘எதுவுமில்லை’, ‘எக்ஸ்’, ‘ஒய்’, ‘இசட்’ என்று நான்கு நிலை. அதையும் இரண்டு ஒயரில் அடக்கிவிட்டால் ஓர் உள்ளீடு மிஞ்சும் என்று முதலில் ஆசைப்பட்டேன். காகிதத்தில் போட்டுப் பார்த்ததும் கைவிட்டேன். இசட்டுக்கு இரண்டு ஒயரிலும் மின்சாரம் வர வேண்டும் என்று வைத்தால், ஓர் ஒயர் அறுந்த அன்று இசட் எக்ஸாக மாறிவிடும். நான் டூலை மேலே தூக்கச் சுற்றுவேன், டேபிள் பக்கவாட்டில் பாயும். அதனால் அச்சுக்கு ஒன்றாக மூன்று தனி ஒயர். எது அறுந்தாலும் எந்த அச்சும் நகராது, அவ்வளவுதான். படி தேர்வில் இரண்டு ஒயரிலும் எதுவும் வராத நிலையை 0.001 என்று வைத்தேன். அங்கே ஒயர் அறுந்தால் மெஷின் மெதுவாகும், வேகமாகாது. 13ம் தீர்ந்தது.

கூலண்டுக்கு உள்ளீடே கொடுக்கவில்லை. ஒரு செலக்டர் சுவிட்ச், நேராக ரிலேக்குப் போகிறது. கணினிக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

0.001, 0.01 படிகளில் கைச்சக்கரம் நிலை முறையில் ஓடுகிறது, அங்கே துல்லியம்தான் முக்கியம். 0.1 படிக்குப் போனால் வேக முறைக்குத் தானாக மாறும்படி, படி சுவிட்சின் ஒயரையே ஹால் கோப்பில் அந்த முறைத் தேர்வுக்கும் இணைத்தேன். கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. 0.1 படியில் கிளிக் எண்ணி நகர்த்த முடியாது என்பது இதற்குக் கொடுத்த விலை. கொடுக்கலாம்.

சிவப்பு

எமர்ஜென்சி மட்டும்தான் இப்போது சிவப்பு. மஞ்சள் வட்டத்தின் நடுவே காளான் தலை, பேனலின் இடது கீழ் மூலையில், டேபிளைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டாத இடத்தில். வலது கை கைச்சக்கரத்தில் இருக்கும்போது இடது உள்ளங்கை அதன் மேல் படுத்துக் கிடக்கும். அடிக்கும்போது விரலால் தேடக் கூடாது, உள்ளங்கையால் மோத வேண்டும்.

இந்தப் பொத்தானின் ஒயர் கணினி வழியாகப் போகவில்லை. இரண்டு என்சி காண்டாக்ட் (அழுத்தினால் இணைப்பு அறும் வகை): ஒன்று, டிரைவ்களுக்கு மின்சாரம் கொடுக்கும் 24 வோல்ட் கான்டாக்டரின் காயிலை நேராக அறுக்கிறது, அடுத்தது ‘அடிச்சாச்சு’ என்று முதல் போர்ட் வழியே கணினிக்குச் செய்தி மட்டும் சொல்கிறது. அச்சு டிரைவ்களுக்கு மின்சாரம் உடனே போய்விடும். போனால் க்வில் தன் எடையில் இறங்குமா என்று ஒரு பயம் இருந்தது, பால் ஸ்க்ரூ பழைய ஸ்க்ரூ மாதிரி தானாகப் பிடித்து நிற்காது. க்வில்லின் பழைய சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றாமல் விட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

ஸ்பிண்டிலில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. விஎஃப்டிக்கு வரும் மின்சாரத்தைச் சட்டென்று அறுத்தால் பிரேக் பிடிக்க அதற்குச் சக்தி இருக்காது, ஸ்பிண்டில் தன் வேகத்தில் சுற்றி ஓய்ந்துதான் நிற்கும். அதனால் எமர்ஜென்சி அடித்ததும் விஎஃப்டியின் ஓட்டக் கட்டளை உடனே அறும், பிரேக் ரெசிஸ்டர் உதவியோடு இரண்டு நொடியில் நிறுத்தும். மூன்றாவது நொடியில் டைமர் ரிலே விஎஃப்டியின் மின்சாரத்தையே எடுத்துவிடும். விஎஃப்டி சொல்பேச்சு கேட்காமல் போனாலும் மின்சாரம் போய்விடும். இதைத் தரத்தில் ‘வகை 1 நிறுத்தம்’ என்கிறார்கள், அச்சுகளுக்கு நடப்பது ‘வகை 0’. உள்ளே கை வைப்பதற்கு முன் விஎஃப்டியின் கெப்பாசிட்டர்கள் இறங்கும்வரை சில நிமிடம் காத்திருக்க வேண்டும். மின்சாரம் போய்விட்டது என்று நம்பிக் கை வைத்தவர்கள் கதை எல்லாப் பட்டறையிலும் உண்டு.

காளானைத் திருகி விடுவித்தால் மட்டும் எதுவும் ஓடாது, தனியாக ஒரு வெள்ளைப் பொத்தானை அழுத்தினால்தான் கான்டாக்டர் பிடிக்கும். கரண்ட் போய் வந்தாலும் இதேதான். நம் ஊரில் இது இரண்டு மடங்கு முக்கியம்.

தொட்டுத் தெரிய வேண்டும் என்பதால் சைக்கிள் ஸ்டார்ட் பச்சை, உள்ளடங்கி ஒரு வளையத்துக்குள் இருக்கிறது, வேண்டுமென்று அழுத்தினால்தான் அழுந்தும். ஃபீட் ஹோல்ட் கறுப்பு, துருத்திக்கொண்டு நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை பெயர் சொல்லச் சொல்லித் தொட்டுப் பார்த்தேன். ஸ்பிண்டில் நிறுத்தும் பொத்தானை இரண்டு முறை ஃபீட் ஹோல்ட் என்று தொட்டேன், அதனால் அதைத் தட்டையான தலையாக மாற்றி இரண்டு விரல் தள்ளி வைத்தேன்.

தகடும் ஒயரும்

3 மி.மீ. அலுமினியத் தகடு. பொத்தான் துளை 22.5 மி.மீ., பொத்தான் திரும்பாமல் இருக்க ஒரு சின்னப் பள்ளம். அந்தத் தகட்டை அதே மெஷினில்தான் வெட்டினேன், அட்டைப் பேனலை வைத்துக்கொண்டு.

எழுத்துகள் தமிழில் வேண்டும் என்று பிடிவாதம். அங்கே இரண்டு நாள் போயிற்று. பொறிக்கும் மென்பொருளோடு வரும் ஒற்றைக்கோட்டு எழுத்துருக்களில் தமிழ் இல்லை. சாதாரண எழுத்துருவைக் கொடுத்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு கரை வரைந்து தருகிறது. ‘ண்’ணின் சுழிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழியாகிவிட்டன. கடைசியில் வேண்டிய எழுத்துகளை மட்டும் நானே ஒற்றைக்கோட்டில் வரைந்தேன். 60 டிகிரி வி முனை, 0.3 மி.மீ. ஆழம், வெள்ளை எனாமல் பெயின்ட் பூசித் துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் நிற்கும். ‘சுழல்தண்டு’ என்று எழுதவில்லை. ‘ஸ்பிண்டில்’ என்றுதான் எழுதினேன், பட்டறையில் அதுதான் பேச்சு.

ஒயரிங்கில் ஒரே ஒரு வம்பு. ஸ்பிண்டிலை ஓட்டினால் கைச்சக்கரத்தைத் தொடாமலே டேபிள் கிளிக் கிளிக்காக ஊர்ந்தது. விஎஃப்டியின் இரைச்சல். கைச்சக்கரத்தின் ஒயர் மோட்டார் ஒயரோடு ஒரே குழாயில் போயிருந்தது. பிரித்து வேறு பக்கமாகக் கொண்டுபோய், ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டைப் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த் செய்தேன். பாதி குறைந்தது. கைச்சக்கரம் ஒவ்வொரு துடிப்போடும் அதன் எதிர்த்துடிப்பையும் தனி ஒயரில் அனுப்புகிறது, நான்தான் அதை விட்டுவைத்திருந்தேன். அந்த ஜோடிகளைப் பெட்டியில், ஜோடியின் வித்தியாசத்தை மட்டும் படிக்கும் ஒரு 26எல்எஸ்32 சிப்புக்குக் கொடுத்ததும் ஊர்வது நின்றது. மற்றப் பொத்தான்கள் 24 வோல்ட்டில் ஆப்டோகப்ளர் (ஒளி வழியே சிக்னல் கடத்தும் சிப்) வழியாகப் போகின்றன, அவற்றுக்கு இந்தத் தொல்லை வரவில்லை.

இன்னும் சரியில்லாதது ஒன்று இருக்கிறது. ஃபீட் வேகக் குமிழ் முடிவில்லாமல் சுற்றும் வகை. மெஷினை ஆன் செய்ததும் எப்போதும் 100 சதவீதத்தில் தொடங்குகிறது, அது நல்லது. ஆனால் இப்போது எத்தனையில் இருக்கிறது என்று குமிழைப் பார்த்துச் சொல்ல முடியாது, திரையைப் பார்க்க வேண்டும். நானே வகுத்த விதியை நானே மீறியிருக்கிறேன். அதற்கு நிலை காட்டும் சுவிட்ச் போட இன்னும் இரண்டு உள்ளீடு வேண்டும். என்னிடம் 13தான்.

போன மாதம் பக்கத்து லேத் பட்டறை அண்ணன் ஒரு பிளேட்டில் ஸ்லாட் போட வந்தார். முப்பது வருடம் கைமெஷினில் ஓட்டியவர். ‘தம்பி, இதுல எது எதுன்னு சொல்லு’ என்றார். கைச்சக்கரத்தையும் அச்சு சுவிட்சையும் மட்டும் காட்டினேன். டூலை நோக்கிக் குனிந்து சுற்ற ஆரம்பித்தார். இடது கை என்ன செய்கிறது என்று பார்த்தேன். அது காளான் மேல் இல்லை. டேபிளின் ஓரத்தில், பழைய மெஷினில் எக்ஸ் கைப்பிடி இருந்த இடத்தில், வெறுமனே காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கே இன்னொரு காளானை அந்த ஞாயிற்றுக்கிழமையே மாட்டினேன், முதல் காளானோடு தொடராக.